யாரும் கேட்காத குதிரை

ஜட்கா தொழிலில் வண்டி நம்முடையது, ரோடு சர்க்காருடையது, குதிரை மட்டும் யார் பேச்சைக் கேட்கும் என்பது வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரியும்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் ஒரு பொருளை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மாரில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உங்களில் பல பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஓட்டை அண்டா வாங்கினவர்களாவது ஈயம் வைத்து அடைத்துக்கொள்ளலாம். குதிரைக்கு அந்த வழியும் இல்லை.

என் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் போனபோது எனக்கு விட்டுப் போனது ஒரு ஜட்கா, அதை ஓட்டுகிற காதர் பாய், ஒரு கிழட்டுக் குதிரை. கடலூரில் திருப்பாப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகை வீடு. அந்த வருஷம் முடிவதற்குள் குதிரையும் போய்விட்டது. அண்ணாகிராமத்தில் என் அண்ணன் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரரின் காரியத்துக்கு வந்த இடத்திலேயே, "எங்கூட வந்துடு, கொட்டை உடைக்க ஆளு தேவையாத்தான் இருக்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் என் அண்ணியின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். கொட்டையின் எண்ணெய் பட்டுத் தோல் உரிந்து, நகம் கறுத்து, குழம்புச் சோற்றைக் கையால் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாள். அதைவிட எனக்குப் பெரிய பயம், ராத்திரியானால் நானே சாத்திக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு இல்லாமல் போவது. வண்டி ஓடுகிற வரைக்கும் கதவு உண்டு. வண்டி ஓடக் குதிரை வேண்டும். தரகர் சொல்கிற விலைக்கு என்னால் ஆகாது. மிச்சம் இருந்தது ஏலம்தான்.

பாலம்

முதல் ஏலம் மஞ்சக்குப்பத்தில். நொடித்துப்போன ஒரு காண்டிராக்டரின் சாமான்களோடு ஒரு செவலைக் குதிரையும் வந்தது. காதர் பாய் பல்லைப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார். நான் ஒரு விலை கேட்டேன். எனக்கு மேல் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஸ்டேஷன் ஸ்டாண்டு வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றிருந்தார்கள். ஒருவர் பீடி பற்ற வைத்தார், ஒருவர் மேகத்தைப் பார்த்தார், ஸ்டாண்டுக்குப் பெரியவரான பரமசிவம் குனிந்து செருப்பைச் சரிபண்ணினார். விதவைப் பெண்பிள்ளை என்று விட்டுக்கொடுக்கிறார்கள், மனுஷத்தன்மை இன்னும் இருக்கிறது என்று நினைத்துக் கண் கலங்கினேன். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதம். பாய் குதிரையைக் கெடிலத்து மணலில் இறக்கிக் குறுக்கு வழியாக வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

மறுநாள் முதல் சவாரி, கோர்ட்டுக்குப் போகிற ஒரு பெரியவர். ராசியாக இருக்கட்டும் என்று நானும் ஏறிக்கொண்டேன். கெடிலம் பாலம் வந்ததும் குதிரை நின்றது. புல்லைக் காட்டினோம், தட்டிக் கொடுத்தோம், பாய் தன் துண்டால் அதன் கண்ணைக் கட்டினார். பாலத்தில் ஒரு குளம்பு வைத்துச் சத்தத்தைக் கேட்டது, உடனே பின்னுக்கு வாங்கிக்கொண்டது. பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது. பெரியவர் மூட்டையோடு இறங்கி நடந்தே போய்விட்டார். திருப்பாப்புலியூருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் நடுவில் உள்ள பாலத்தைத் தாண்டாத குதிரையை வைத்துக்கொண்டு கடலூரில் யாரும் ஜட்கா ஓட்ட முடியாது.

சாயங்காலம் ஸ்டாண்டுக்குப் போய்ப் பரமசிவத்திடம், இது முன்னமே தெரியுமா என்று கேட்டேன். ஊருக்கே தெரியும் என்றார். அப்படியானால் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகப் பதில் சொன்னார்.

"எல்லாரும் சும்மா நிக்கிறதே சொன்ன மாதிரிதான யக்கா. இன்னும் இன்னா வாயத் தொறந்து வேற சொல்லணுமா?"

திருவந்திபுரத்துக் கல்யாணம்

செவலையை ஒரு செங்கல் சூளைக்காரரிடம் வந்த விலைக்குத் தள்ளினோம். யாரும் கேட்காத குதிரையைத் தொடவே கூடாது என்று அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டேன். அதனால் அடுத்த ஏலத்தில் நாலு பேர் போட்டி போட்டுக் கேட்ட கறுப்புக் குதிரையை, ஐந்தாவது ஆளாக நான் கேட்டு எடுத்தேன். கையில் கடைசியாகக் கிடந்த ஒரு ஜோடி வளையலும் அதோடு போயிற்று. அந்த நாலு பேரும் விற்கிறவன் கொண்டுவந்த ஆட்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் குதிரை நல்ல குதிரை. பாலத்தில் டக் டக்கென்று போனது. எனக்கு மறுபடி தூக்கம் வந்தது.

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளென்றால் எத்தனை கல்யாணம் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷனில் வந்து இறங்குகிற பெண்வீட்டுக்காரர்கள் எல்லாரும் வண்டி தேடுவார்கள். பாய் வண்டிக்கு ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அத்தையும் வந்தார்கள். வெயிலுக்குச் சேணத்தைக் கொஞ்சம் தளர்த்தினார் பாய். அத்தைக்காரி குதிரையின் முதுகைப் பார்த்தாள், பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். முதுகில் இரண்டு பக்கமும் எதிரெதிராகச் சுழி. பாடைச் சுழி என்பார்கள். அது இருக்கிற மிருகம் வீட்டில் பாடை கட்ட வைக்கும் என்று பேச்சு. ஏலத்தன்று அந்த இடத்தில் அழகாக ஒரு ஜமுக்காளம் போர்த்தியிருந்தார்கள். நான் ஜமுக்காளத்தின் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அன்று முதல் எந்தக் கல்யாணமும் எங்கள் வண்டியில் ஏறவில்லை. பாயிடம் அழாத குறையாகக் கேட்டேன், முதுகைப் பார்க்கக் கூடாதா என்று. அவருக்கும் வருத்தம்தான்.

"நான் குதிரையப் பாத்தேன் தங்கச்சி. அது முதுகுல உன் சாமி இன்னா எழுதிருக்காருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

மீன் கூடை

மாசி மகத்துக்கு மட்டும் நல்ல காலம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அத்தனை ஊர் சாமியும் வரும், அத்தனை ஊர் ஜனமும் வரும். அந்தக் கூட்டத்தில் யாரும் குதிரை முதுகைப் பார்ப்பதில்லை, இடம் கிடைத்தால் போதும் என்று தொங்கிக்கொண்டு வருவார்கள். சாயங்காலம் கறுப்பனுக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுத்தேன். அது என் உள்ளங்கையை நக்கியது. குதிரை வாங்கியதில் லாபம் என்று சொன்னால் அந்த ஒரு நாளைத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் பாய் ஒரு யோசனை சொன்னார். சுழி பார்க்காத சரக்கு மீன்தான். தேவனாம்பட்டினத்திலிருந்து விடியற்காலையில் மீன் கூடைகளை ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவது, பிறகு வண்டியைக் கழுவி, வைக்கோல் மாற்றி, ஸ்டேஷனுக்குப் போவது. நான்தான் கழுவினேன். சீயக்காய் போட்டுக் கழுவினேன், வேப்பிலை போட்டுக் கழுவினேன், பலகையில் சாம்பிராணி போட்டேன். முதல் ரயிலில் வந்த ஒரு ஐயர் குடும்பம் ஏறி உட்கார்ந்து, ஸ்டேஷன் வாசலைத் தாண்டுவதற்குள் இறங்கிவிட்டது. அடுத்த ரயிலிலும் அப்படித்தான். கொஞ்ச நாளில் மீனும் போயிற்று. ஏன் வரவில்லை என்று மீன்காரம்மாவிடம் கேட்டேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"உன் வண்டியில ஏத்துனா எம்மீனு பூரா சாம்பிராணி வாசன அடிக்குதும்மா, வாங்குறவ பூஜைக்கா கொழம்புக்கான்னு கேக்குறா."

சுழியின் வேலை

ஐப்பசி மழையில் கறுப்பனுக்கு வயிறு உப்பியது. பாய் அதை விடாமல் நடக்க வைத்தார், ஓமத்தைக் காய்ச்சி ஊற்றினார். விடிந்தபோது படுத்திருந்தது, எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"பாடைச் சுழி யாருக்குக் காட்டுமோன்னு நாங்கள்லாம் பயந்துகிட்டிருந்தோம். நல்ல வேள, அதுக்கே காட்டிக்கிச்சு."

துண்டுக்குள் கை

குதிரையில்லாத ஜட்காவைப் பார்த்திருக்கிறீர்களா? ஏர்க்கால் இரண்டும் வானத்தைப் பார்த்து நிற்கும், உள்ளே கோழி முட்டை வைக்கும். ஸ்டாண்டில் எங்கள் வண்டியின் இடத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டாண்டுக்காரர்கள் சேர்ந்து வீட்டுக்கு ஒரு மூட்டை கொள்ளு அனுப்பினார்கள். குதிரையில்லாத வீட்டுக்குக் கொள்ளு எதற்கு, நான் தின்னவா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். பிச்சை வாங்கித்தான் பிழைக்க வேண்டுமென்றால் அண்ணன் வீட்டிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். பாய் அதைக் கேட்டுக்கொண்டே மூட்டையைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

இதற்கு நடுவில் ஏலத்தைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது. நாம் பார்க்கிற ஏலம் வெளி ஏலம். வண்டிக்காரர்கள் முன்பே பேசிவைத்து, ஒருவரை மட்டும் கேட்க விட்டு, மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். குதிரை மலிவாக வரும். பிறகு டீக்கடைக்குப் பின்னால் போய்த் தங்களுக்குள் இன்னொரு ஏலம் வைப்பார்கள். அதில் பேச்சே கிடையாது. துண்டுக்குள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. பொம்பளை கை துண்டுக்குள் வரக்கூடாது. மாசி மகத்திலும் மீன் கூலியிலும் சேர்த்த பணத்தை நம்பி, அடுத்த ஏலத்தில் எனக்காகக் காதர் பாய் கையை விட்டார்.

பாய்க்கு வலது கையில் ஒரு விரல் கிடையாது. முன்னொரு காலத்தில் ஒரு குதிரை கடித்துக்கொண்டு போய்விட்டது. கடலூரில் எல்லாருக்கும் இது தெரியும். அன்று குதிரையை எடுத்திருந்தவரோ விழுப்புரத்துக்காரர். அவர் துண்டுக்குள் பாயின் கையை முழுதாகப் பிடித்தார். ஐந்து என்று அவர் நினைத்தார். இருக்கிற நாலைத்தானே பிடிக்கிறார் என்று பாய் நினைத்தார். சரி என்று தலையாட்டி, துண்டை எடுத்து, நான் கும்பிட்டு, குதிரைக்குத் திருநீறும் வைத்த பிறகுதான் சண்டை ஆரம்பித்தது. மிச்ச ஒரு விரல் பணத்துக்கு என்னிடம் வழியில்லை. குதிரை, திருநீற்றோடு விழுப்புரம் போயிற்று. போகும்போது அந்த ஆள் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"கொறச்சலா வெரல் இருக்கிறவரு துண்டுக்கு வெளியவே சொல்லிட்டு வரணும் பாய், இது யாவாரம்."

சிதம்பரம்

பொங்கலுக்கு வந்த அண்ணன், தை மாதத்தோடு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். வாடகை பாக்கிக்காக வீட்டின் சொந்தக்காரரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதக் கடைசியில் சிதம்பரத்தில் ஒரு ஏலம் என்று தகவல் வந்தது. மிராசுதார் ஒருவர் காலமாகி, பிள்ளைகள் பட்டணத்தோடு போய்விட்டார்கள். மாடு, வண்டி, குதிரை எல்லாம் வண்டிகேட் பக்கத்துத் திடலில் ஏலம். பாய்க்கு அன்றைக்குப் பார்த்துக் குளிர்ஜுரம். போர்வைக்குள்ளிருந்து, "தைரியமாக் கேளு தங்கச்சி. கேட்டுட்டா கேட்டபடி நில்லு" என்றார். நான் தனியாகக் காலைப் பாசஞ்சரில் போனேன். ஸ்டாண்டு ஆட்கள் வேறு பெட்டியில் வந்தார்கள்.

குதிரை பழுப்பு நிறப் பெண்குதிரை. நாலு காலிலும் வெள்ளை, இளம் வயசு. நான் முதுகைப் பார்த்தேன், சுழி இல்லை. பல்லைப் பார்த்தேன், பாய் சொல்லிக்கொடுத்தபடி காலைத் தூக்கிப் பார்த்தேன். வாய்க்கால் மதகின் மேல் நடத்திக் காட்டச் சொன்னேன், நடந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே என் முந்தானையை மெதுவாகக் கடித்து இழுத்தது. இதுதான் என்று மனசு சொன்னது.

ஏலம் ஆரம்பித்ததும் நான் ஒரு விலை கேட்டேன். என்னால் முடிந்ததில் பாதிதான் கேட்டேன், ஏறிக்கொண்டே போகட்டும் என்று. எனக்கு மேல் யாரும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஒருவர் பீடி பற்ற வைத்தார். ஒருவர் கோபுரத்தைப் பார்த்தார். பரமசிவம் குனிந்து செருப்பைச் சரிபண்ணினார்.

கெடிலம் பாலம் கண் முன்னால் வந்தது. சும்மா நிற்பதே சொன்ன மாதிரி என்று இதே மனுஷன்தானே சொன்னார். அன்றைக்குச் செவலைக்கு எப்படி நின்றார்களோ அப்படியே நிற்கிறார்கள். இவர்கள் ஒருவருக்காகப் பேசி வைத்திருந்தால் அந்த ஒருவர் இந்நேரம் கேட்டிருக்க வேண்டுமே, அதுவும் இல்லை. ஆகவே குதிரையில் ஏதோ இருக்கிறது. எனக்குத் தெரியாதது, ஊருக்கே தெரிந்தது. இதையும் வாங்கி ஏமாந்தால் அண்ணன் வீட்டுக்கு வெறும் கையோடு போக வேண்டும். ஏலம் போடுகிறவர் "ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்றார். பாய் சொன்னது காதில் இருந்தது, ஆனாலும் என் வாய் திறந்துகொண்டது. "எனக்கு வேணாங்க, விட்டுடறேன்" என்றேன்.

ஏலம் போடுகிறவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஓரமாக நின்ற பண்ருட்டிப் பக்கத்துப் பலாப்பழ வியாபாரி ஒருவர், நான் கேட்டதைவிடக் குறைவாக, விளையாட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு விலை சொன்னார். ஸ்டாண்டு ஆட்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குச் சுதாரிப்பு வருவதற்குள் மூன்று தரமும் ஆகிவிட்டது.

பரமசிவம் என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். நடந்தது இதுதான். ஜுரம் வருவதற்கு முந்தின நாள் காதர் பாய் கடலூர் ஸ்டாண்டு, சிதம்பரம் ஸ்டாண்டு இரண்டுக்கும் நேரில் போய், வண்டி வண்டியாக நின்று கேட்டிருக்கிறார். இந்தக் குதிரையை அந்த அம்மாவுக்கு விட்டுவிடுங்கள், உள் ஏலமும் வேண்டாம், முக்கியமாக அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் கொள்ளு மூட்டை மாதிரித் திருப்பி அனுப்பிவிடும் என்று. எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சிதம்பரத்துக்காரர்கள் தங்களுக்கே வேண்டியிருந்த குதிரையை விட்டிருக்கிறார்கள்.

"ரெண்டு ஊரு வாயையும் உனக்காகக் கட்டி வச்சோம் யக்கா. உன் வாயக் கட்டத்தான் மறந்து பூட்டோம்."

தண்ணீர்த் தொட்டி

கடலூருக்குத் திரும்பி வந்து பாயிடம் சொன்னபோது, அவர் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வண்டியை அவருக்கே கொடுத்துவிட்டேன். அவர் இன்னும் குதிரை தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நான் அண்ணாகிராமம் வந்துவிட்டேன். இங்கே என்னைக் குறையாக நடத்துவதில்லை. அண்ணி எனக்கும் ஒரு கரண்டி கொடுத்திருக்கிறாள்.

பலாப்பழக் காலம் ஆரம்பித்ததும், பண்ருட்டிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி தினம் எங்கள் கொட்டகை வழியாகப் போக ஆரம்பித்தது. பழுப்புக் குதிரை, நாலு காலிலும் வெள்ளை. முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. எங்கள் தொட்டியில் தண்ணீர் காட்ட வண்டிக்காரர் நிறுத்துவார். முதல் நாள் நான் பக்கத்தில் போனேன். அது என் முந்தானையை மோந்து பார்த்தது. முந்திரி எண்ணெய் வாடை பிடிக்கவில்லை போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. குதிரை எப்படி என்று வண்டிக்காரரிடம் கேட்டேன், ஏதாவது ஒரு குறை சொல்ல மாட்டாரா என்ற ஆசையில்தான். அவர் அதன் கழுத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"தங்கமான குதிரம்மா. சிதம்பரத்துல அத்தினி பேரு நின்னானுங்களாம், ஒருத்தனும் கேக்கலையாம். யாரோ ஒரு பொம்பள கேட்டுட்டு அதுவும் வேணாம்னுடுச்சாம். நல்லா இருக்கட்டும் அந்தம்மா."

குதிரை ஏலத்தில் லாபமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது தினம் காலையில் என் அண்ணன் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகிறது.